மிதித்தது எவ்வளவு, கடிகாரம் கண்டது எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

சைக்கிள் பயிற்சியைப் பற்றி இம்முறை வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. உடல் பட்ட பாட்டுக்கும் கையில் கட்டிய கடிகாரம் தரும் கணக்குக்கும் பொருந்தி வரவில்லை என்பதே அந்தக் குறை. ஒருவருடைய கடிகாரம் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறது, இன்னொருவருடையது கூட்டிச் சொல்கிறது. அந்த எண் எப்படி உருவாகிறது என்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலான பிழைகளை நாமே திருத்திக்கொள்ளலாம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 48. நாள்தோறும் வேலைக்குப் போக 40 நிமிடமும் திரும்பி வர 40 நிமிடமும் சைக்கிள் மிதிக்கிறேன். வீடு சேரும்போது சட்டை நனைந்திருக்கிறது. ஆனால் என் ஸ்மார்ட் வாட்ச் இந்த 80 நிமிடங்களில் ஆறு அல்லது ஏழு நிமிடங்களைத்தான் ‘தீவிர நிமிடங்கள்’ கணக்கில் சேர்க்கிறது. அதே கடிகாரம், 20 நிமிடம் வேகமாக நடந்தால் அதை முழுவதுமாகச் சேர்த்துக்கொள்கிறது. கடிகாரம் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் கால்கள் செய்யும் வேலை கடிகாரத்துக்குத் தெரியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். அது மணிக்கட்டில் இருக்கிறது. நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது; உள்ளே இருக்கும், அசைவை உணரும் முடுக்கமானி அந்த வீச்சைக் கொண்டே ‘இவர் நடக்கிறார், இன்ன வேகத்தில் நடக்கிறார்’ என்று கண்டுகொள்கிறது. சைக்கிளில் கை ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ஒரே இடத்தில் இருப்பதால், முடுக்கமானியின் பார்வையில் நீங்கள் ஏறக்குறைய உட்கார்ந்திருப்பவர். மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இதயத் துடிப்பு. அதையும் பல கடிகாரங்கள் மின்கலத்தைச் சேமிப்பதற்காக, சாதாரண நேரத்தில் இடைவெளி விட்டுவிட்டுத்தான் எடுக்கின்றன.

எனவே முதலில் செய்ய வேண்டியது மிக எளியது. ஏறி உட்காருவதற்கு முன் உடற்பயிற்சிப் பட்டியலில் ‘சைக்கிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பதிவை நீங்களே தொடங்குங்கள், இறங்கியதும் நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் கடிகாரம் துடிப்பை இடைவிடாமல் எடுக்கத் தொடங்கும். கை அசைவை நம்பாமல் துடிப்பை வைத்துத் தீவிரத்தைக் கணிக்கும். தானாகக் கண்டறியும் வசதி இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். நீங்கள் சைக்கிளில்தான் போகிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ள அதற்குச் சில நிமிடங்கள் ஆகும்; சிக்னலில் நின்று நின்று போகும் பயணத்தில் அந்த உறுதி கடைசிவரை வராமலே போகலாம். மின்கலச் சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து, அந்த நிமிடங்களின் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. கடுமையான உழைப்பின் ஒரு நிமிடம் மிதமான உழைப்பின் இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்பது இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கார்மின், ஃபிட்பிட் போன்ற கடிகாரங்கள் கடுமையான நிமிடங்களை இரண்டாக எண்ணுவது இதனால்தான். நீங்கள் 40 நிமிடம் மிதித்து, கடிகாரம் 55 என்று காட்டினால் அது பிழையன்று; அதில் 15 நிமிடம் கடுமையாக உழைத்திருக்கிறீர்கள் என்பதே பொருள்.

இவ்வளவும் செய்த பிறகும் எண் குறைவாகவே இருந்தால், அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதை ஏற்க வேண்டும். இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். நடக்கும்போது கால் நின்றால் உடலும் நிற்கிறது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறது. இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் நாம் மிதிக்காமல் உருளும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் 40 நிமிடப் பயணத்தில் அது கணிசமாக இருக்கும். மற்றொன்று இதைவிட நுட்பமானது. மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் குறைவாகச் சமதரையில் மிதிப்பது மிதமான உழைப்பு, அதற்கு மேல் போனால் கடுமையான உழைப்பு என்று பொதுவான அட்டவணைகள் வகுக்கின்றன. அது எல்லாருக்கும் பொதுவான அளவுகோல். உங்கள் கடிகாரமோ ‘இவருடைய இதயத்தின் முழுத் திறனில் எத்தனை பங்கு செலவாகிறது’ என்று கேட்கிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் 80 நிமிடம் மிதித்த இதயம், புதிதாகத் தொடங்குபவரின் இதயத்தைவிட நிதானமாகவே அதே வேகத்தைத் தாங்கும். துடிப்பு எல்லையைத் தொடாததால் நிமிடங்கள் சேர்வதில்லை. அட்டவணைப்படி நீங்கள் கடுமையாக உழைத்தவர், கடிகாரத்தின்படி இலேசாக உழைத்தவர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அந்தக் குறைந்த எண்ணைக் கண்டு நீங்கள் வருந்தத் தேவையில்லை. உங்கள் உடல் தேறியிருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

வியர்வையை மட்டும் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் அதை எளிதில் கூட்டிவிடும்.

கேள்வி: பயிற்சிப் பதிவைத் தொடங்கித்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் கரடுமுரடான சாலையில் துடிப்பு 120-இலிருந்து ஒரே நொடியில் 165-க்குத் தாவுகிறது. மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போது 95 என்று காட்டுகிறது. வீட்டில் நிலையான சைக்கிளில் மிதிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. ஏன்?

பதில்: கேள்வியின் கடைசி வரியிலேயே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். கடிகாரத்தின் அடிப்புறத்தில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் போய்த் திரும்புகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையுடையது. இதயம் துடித்து ரத்தம் பாய்ந்த கணத்தில் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது, இரண்டு துடிப்புக்கு இடையில் சற்றுக் கூடுகிறது. இந்த மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது. சாலையின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக மணிக்கட்டுக்கு வரும்போது கடிகாரமும் தோலும் ஒன்றின் மேல் ஒன்று நகர்கின்றன. ஒளியில் ஏற்படும் அந்தக் குழப்பம் துடிப்பின் அளவைவிடப் பன்மடங்கு பெரியது. முடுக்கமானியின் உதவியால் அசைவைக் கழித்துவிடக் கடிகாரம் முயல்கிறது என்றாலும், ஒழுங்கற்ற அதிர்வை முழுமையாகக் கழிக்க முடிவதில்லை.

மேட்டில் எண் இறங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஏறும்போது நாம் நம்மையறியாமல் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கிறோம். மணிக்கட்டு மடங்குகிறது, முன்கைத் தசைநாண்கள் விறைத்து மேலெழும்புகின்றன, தோலடி ரத்த ஓட்டம் அழுத்தப்படுகிறது. கடிகாரத்தின் விளிம்பு தோலைவிட்டுத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் உள்ளே புகவும் வாய்ப்பிருக்கிறது. துடிப்பு உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில்தான் கடிகாரத்துக்குக் கிடைக்கும் தடயம் மிக மெலிந்திருக்கிறது. குளிரிலும் இதுதான் நடக்கும்: உடல் வெப்பத்தைக் காக்கக் கைகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. பச்சை குத்திய இடத்தின் மீது கடிகாரத்தைக் கட்டினால் அந்த மை ஒளியை மறைத்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் இந்தக் கருவிகள் நன்றாகத்தான் தேறுகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஏழு வகைக் கைக்கருவிகளைச் சோதித்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சைக்கிள் மிதிக்கும்போது ஏழில் ஆறு கருவிகளின் துடிப்புக் கணக்கில் இடைநிலைப் பிழை 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. அது அதிராத, வளையாத, ஓரிடத்தில் நிற்கும் சைக்கிள் என்பதை நினைவில் வைத்தால், வீட்டில் சரியாகச் சொல்லும் உங்கள் கடிகாரம் சாலையில் தடுமாறுவது புதிராக இராது.

கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே, முன்கையின் சதைப்பற்றான இடத்துக்குக் கடிகாரத்தை ஏற்றுங்கள். கையைக் குலுக்கினால் நகராத அளவுக்கு வாரை இறுக்குங்கள். ஓட்டி முடித்ததும் தளர்த்திவிடுங்கள். ஏறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே கட்டிக்கொண்டு, எண் நிலைபெற்ற பிறகு பதிவைத் தொடங்குங்கள். முழங்கையைச் சற்று மடக்கி, பிடியைத் தளர்த்தி ஓட்டினால் அதிர்வு தோளுக்குப் போகுமுன் கரைந்துவிடும். கடிகாரத்துக்கு மட்டுமன்றிக் கழுத்துக்கும் நல்லது. வியர்வையும் களிம்பும் படிந்த அடிப்புறக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். இந்தச் சிறு மாற்றங்களால் பலருக்குப் பாதித் தொல்லை தீர்கிறது.

மீதிப் பாதிக்கு மார்புப் பட்டைதான் வழி என்பது என் உறுதியான கருத்து. மார்புப் பட்டை ஒளியை நம்புவதில்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின் அலையைத் தோலிலிருந்து நேரடியாகப் பிடிக்கிறது. மணிக்கட்டின் அதிர்வுக்கு அங்கே இடமே இல்லை. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் இப்படிப்பட்ட கம்பியில்லாக் கருவியை விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சாலையில் ஓட்டுபவர்களுக்கு இதைவிட நம்பத்தக்க முறை வரவில்லை. உங்கள் கடிகாரம் ப்ளூடூத் வழியாகவோ ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பு வழியாகவோ வெளிச் சென்சாரை ஏற்குமா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையின் மின்முனைகளை நீரில் நனைத்த பிறகே அணிய வேண்டும். உலர்ந்த பட்டை முதல் பத்து நிமிடம், வியர்வை வரும்வரை, தாறுமாறாகக் காட்டும். ‘மார்புப் பட்டையும் பொய் சொல்கிறது’ என்று எழுதுபவர்களில் பலர் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். மார்பைச் சுற்றிக் கட்டுவது பிடிக்காதவர்களுக்கு மேற்கையில் கட்டும் ஒளிச் சென்சார் இருக்கிறது. அதுவும் பச்சை ஒளிதான் என்றாலும், மேற்கையில் சதை அதிகம், மடிப்பு இல்லை, அதிர்வும் குறைவு.

சோதித்துப் பார்க்க விரும்பினால், பாதுகாப்பாக ஓரம் கட்டி நின்ற உடனே கழுத்து நாடியில் விரல் வைத்துப் பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். உடனே என்பது முக்கியம். நின்ற முதல் நிமிடத்திலேயே துடிப்பு வேகமாக இறங்கிவிடும். பத்து நொடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் விடையில் ஆறு குறையும் என்பதால், ஐந்தாறு துடிப்பு வேறுபாட்டுக்காகக் கடிகாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். வேறுபாடு முப்பது என்றால் ஐயமே இல்லை.

கேள்வி: நான் 60 வயதுப் பெண். மார்புப் பட்டை அணிந்துதான் ஓட்டுகிறேன். துடிப்பு 146 வந்தாலே கடிகாரம் ‘உச்ச மண்டலம்’ என்று சிவப்பில் எச்சரிக்கிறது. ஆனால் எனக்கு அப்போது பெரிய திணறல் இல்லை. அரை மணி நேரம்கூட அப்படியே ஓட்ட முடிகிறது. நான் பயப்பட வேண்டுமா?

பதில்: மூச்சும் கடிகாரமும் முரண்படும் இடத்தில் மூச்சைக் கவனித்த உங்கள் பழக்கத்தைப் பாராட்டுகிறேன். உங்கள் துடிப்பு சரியாகவே அளக்கப்படுகிறது. அதை வைத்துப் பார்க்கும் அளவுகோல்தான் உங்களுடையதாக இல்லை.

கடிகாரத்தில் நீங்கள் பதிந்த வயதை 220-இலிருந்து கழித்து 160 என்று உச்சத் துடிப்பை அது முடிவு செய்திருக்கும். அதில் 90 விழுக்காடு 144. ஆகவே 146 உச்ச மண்டலம் ஆகிவிட்டது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் இந்தச் சூத்திரம் 1970-களின் தொடக்கத்திலிருந்து புழங்கிவருகிறது. தனிமனிதருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அன்று அது. பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிக் கோடு. ஒரே வயதுடையவர்களில் உண்மையான உச்சம் அந்தக் கோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலோ கீழோ இருப்பது மிகச் சாதாரணம். 2001-இல் டனாகா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட திருத்தப்பட்ட சூத்திரம், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டும் 180 என்றே தரும். 60 வயதில் பழையது 160, புதியது 166. வயது ஏற ஏறப் பழைய சூத்திரம் உச்சத்தைக் குறைத்து மதிப்பிடுகிறது என்பது இதிலிருந்து தெரியும். புதியதும் சராசரிதான் என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் பழைய பதிவுகளைத் திறந்து, மார்புப் பட்டை அணிந்து நீண்ட மேட்டில் ஏறிய நாள்களில் பதிவான மிக உயர்ந்த துடிப்பைத் தேடுங்கள். ஒரு நொடிக்கு மட்டும் எழும்பிய கூர்முனையை ஒதுக்கிவிட்டு, சீராக ஏறிச் சில நொடிகளாவது நிலைத்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 172 என்று வைத்துக்கொள்வோம். காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் உங்கள் ஓய்வுத் துடிப்பு 58 என்போம். இரண்டுக்கும் இடையிலுள்ள 114-தான் உங்கள் இதயத்தின் இருப்பு. இந்த இருப்பில் எத்தனை பங்கைச் செலவிடுகிறோம் என்று பார்ப்பது கார்வோனன் என்ற ஆய்வாளர் 1957-இல் காட்டிய வழி. 40 விழுக்காட்டுக்கு 58 + 46 = 104; 60 விழுக்காட்டுக்கு 58 + 68 = 126; 90 விழுக்காட்டுக்கு 58 + 103 = 161. இந்தக் கணக்கின்படி 104 முதல் 126 வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் 161 வரை கடுமையான உழைப்பு. உங்கள் 146 இருப்பில் 77 விழுக்காடு. கடுமையான உழைப்புதான், ஆனால் உச்சம் இல்லை. அரை மணி நேரம் தாங்க முடிவதில் வியப்பும் இல்லை.

கடிகாரத்தின் அமைப்புகளில் ‘அதிகபட்சத் துடிப்பு’ என்ற இடத்தில் உங்கள் எண்ணை நீங்களே பதியலாம். ‘துடிப்பு இருப்பு’ முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் பல கடிகாரங்களில் உண்டு. ஒரு எச்சரிக்கை. ஓட்டப் பயிற்சியில் கண்ட உச்சத்தை அப்படியே சைக்கிளுக்குப் பயன்படுத்த வேண்டாம். சைக்கிளில் இருக்கை நம் எடையைத் தாங்குகிறது, வேலை செய்யும் தசைகளும் குறைவு. அதனால் பெரும்பாலோருக்குச் சைக்கிளின் உச்சம் ஓட்டத்தின் உச்சத்தைவிடச் சில துடிப்புகள் குறைவாகவே இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி மண்டலங்களை வைக்கக் கடிகாரம் இடம் கொடுத்தால் வையுங்கள்.

உச்சத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே மூச்சு முட்ட மிதித்துச் சோதனை செய்ய எண்ணினால், உங்கள் வயதில் அதை மருத்துவரின் ஒப்புதலோடு செய்யுங்கள். அதுவரை பழைய பதிவுகளே போதும்.

கேள்வி: அரை நிமிடம் வேகமாக மிதிப்பது, ஒரு நிமிடம் மெதுவாக மிதிப்பது என்று மாற்றி மாற்றிப் பயிற்சி செய்கிறேன். கால் எரிகிறது. ஆனால் வேகமான அரை நிமிடங்கள் எதுவும் மேல் மண்டலத்தில் பதிவாகவில்லை. வேகத்தை வைத்துத் தீவிரத்தைக் கணக்கிடலாமா?

பதில்: இதயம் உழைப்பின் பின்னால் நடந்து வருகிறது. நீங்கள் முழு விசையோடு மிதிக்கத் தொடங்கிய கணத்தில் தசைகள் தம்மிடமுள்ள சேமிப்பிலிருந்து செலவு செய்கின்றன. துடிப்பு அந்தத் தேவையை எட்டிப் பிடிக்க ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அரை நிமிட வேகம் முடிந்து நீங்கள் இளைப்பாறும்போதுதான் எண் மேலேறி வரும். ஆகவே குறுகிய வேகப் பயிற்சிகளில் மார்புப் பட்டைகூடத் தீவிரத்தைக் குறைத்தே சொல்லும். இது கருவியின் பிழையன்று, இதயத்தின் இயல்பு.

வேகத்தை அளவுகோலாக்க வேண்டாம். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போனால், காற்றுக்காக மட்டும் செலவிட வேண்டிய திறன் மூன்று மடங்குக்கும் மேலாகிறது. எதிர்க்காற்றில் 18-க்குத் திணறுபவர், அதே சாலையில் திரும்பி வரும்போது 28-இல் சிரித்துக்கொண்டே வருவார். மேடு பள்ளமும் சேர்ந்துகொண்டால் ஜிபிஎஸ் காட்டும் வேகம் உழைப்பைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற கருவி பவர் மீட்டர். பெடலிலோ, பெடலைத் தாங்கும் தண்டிலோ பொருத்தப்படும் இந்தக் கருவியில், நீங்கள் அழுத்தும்போது உலோகம் வளையும் மிக நுண்ணிய அளவை உணரும் தகடுகள் இருக்கின்றன. அந்த முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தோடு பெருக்கினால் திறன் வாட் கணக்கில் கிடைத்துவிடுகிறது. ஜெர்மனியின் உல்ரிஷ் ஷோபெரெர் 1986-இல் இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தபோது பந்தய வீரர்களுக்கும் ஆய்வாளர்களுக்குமே எட்டும் பொருளாக இருந்தது; இன்று பொழுதுபோக்காக ஓட்டுபவர்களும் பயன்படுத்துகிறார்கள். தாமதமே இல்லை: மிதித்த நொடியில் எண் ஏறும், விட்ட நொடியில் விழும்.

வாட்டுக்கும் ஒரு சொந்த அளவுகோல் வேண்டும். நன்றாக உடலைச் சூடாக்கிய பின், சீராகத் தாங்கக்கூடிய மிக உயர்ந்த உழைப்பில் 20 நிமிடம் மிதித்து, அதன் சராசரியில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். சராசரி 200 வாட் என்றால் உங்கள் எல்லை 190. பயிற்சி மண்டலங்களை இதன் விழுக்காடாக வகுத்துக் கடிகாரத்தில் பதிந்துவிடலாம். ஒவ்வொரு முறை ஏறுமுன்பும் கருவியைச் சுழியத்துக்குத் திருத்திக்கொள்ள மறவாதீர்கள். வெப்பநிலை மாறினால் உலோகமும் மாறும்.

பவர் மீட்டர் வந்துவிட்டால் துடிப்பைப் பார்க்க வேண்டாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கால் எவ்வளவு கொடுத்தது என்பதை வாட் சொல்கிறது. அதற்கு உடல் என்ன விலை தந்தது என்பதைத் துடிப்பு சொல்கிறது. ஒரே 150 வாட்டில் வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வாட் கோடு கிடைமட்டமாக இருக்க, உடல் நீரிழந்து சூடேறுவதால் துடிப்புக் கோடு மெல்ல மேலேறிக்கொண்டே போகும். அன்றைய பயிற்சியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்த இரண்டாவது கோடுதான் காட்டும்.

கேள்வி: என் கடிகாரம் ஒரு மணி நேரச் சைக்கிள் ஓட்டத்துக்கு 780 கலோரி என்கிறது, கைப்பேசிச் செயலி 520 என்கிறது. எது சரி?

பதில்: இரண்டையும் நம்பி உணவைத் திட்டமிடாதீர்கள். மேலே சொன்ன 2017 ஆய்வில் துடிப்பைச் சரியாகச் சொன்ன அதே கருவிகளில் ஒன்றுகூட ஆற்றல் செலவை 20 விழுக்காட்டுப் பிழைக்குள் சொல்லவில்லை. துடிப்பு, எடை, வயது, பாலினம் ஆகியவற்றிலிருந்து கலோரியை ஊகிப்பது அவ்வளவு கடினம்.

பவர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நேர்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. 150 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் செய்த வேலை 540 கிலோ ஜூல். மனித உடல் தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காட்டைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது, மற்றது வெப்பமாகப் போகிறது. அதன்படி உங்கள் உடல் செலவிட்டது சுமார் 515 முதல் 645 கிலோ கலோரி (கடிகாரம் வெறும் ‘கலோரி’ என்று காட்டுவதும் இதையே). கிலோ ஜூல் எண்ணையே கிலோ கலோரியாக எடுத்துக்கொள்ளும் சைக்கிள் ஓட்டுபவர்களின் வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். சற்றுக் குறைவாகச் சொல்லும், வெகுதூரம் தவறாது.

கேள்வி: மின்மோட்டார் உதவியுள்ள சைக்கிளுக்கு இவையெல்லாம் பொருந்துமா?

பதில்: துடிப்பைக் கொண்டு கணிப்பது அப்படியே பொருந்தும், மோட்டார் எவ்வளவு உதவினாலும் இதயம் தன் பங்கை மட்டுமே காட்டும். வேகத்தையும் தூரத்தையும் கொண்டு கணிக்கும் செயலிகள் மோட்டாரின் வேலையை உங்கள் கணக்கில் எழுதிவிடும். கடிகாரத்தில் ‘மின்சைக்கிள்’ என்ற தனி வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர் சைக்கிள் ஓட்ட அனுமதித்திருக்கிறார். எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு 115-ஐத் தாண்டவில்லை. கடிகாரம் ‘இலேசான பயிற்சி’ என்றே சொல்கிறது. இன்னும் கடுமையாக மிதிக்க வேண்டுமா?

பதில்: கடிகாரம் சொல்கிறது என்பதற்காக ஒருபோதும் கூட்டாதீர்கள். துடிப்பு ஏறாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. ஓய்விலும் உழைப்பிலும் துடிப்பு குறைவாகவே இருக்கும். வயதைக் கொண்டு வகுத்த எந்த மண்டலமும் உங்களுக்குப் பொருந்தாது. அந்த எண்ணைத் துரத்திப் போனால் இதயத்தை அதன் எல்லைக்கு மேல் தள்ள நேரிடும். ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கையைச் சொல்கிறேன். அவர்களுடைய மணிக்கட்டில் ஒளிச் சென்சார் எண்ணும் எண்ணிக்கையே நம்பத்தக்கதாக இராது.

உங்களுக்குப் பேச்சுதான் அளவுகோல். மிதித்துக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பில் இருக்கிறீர்கள். நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தால் அது கடுமையான உழைப்பு. தனியாக ஓட்டுபவர்கள் ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே போதும். இதை எண்ணாகக் குறித்துவைக்க விரும்பினால், ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் இருக்கிறது. 6 என்றால் எந்த உழைப்பும் இல்லை, 20 என்றால் இனி முடியாது. 12, 13 என்பது ‘சற்றே கடினம்’. மிதமான உழைப்பு அதையொட்டித்தான் வரும். மருத்துவமனைகளில் இதய நோயாளிகளுக்குப் பயிற்சி அளிக்கும்போதும் இந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்.

கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. மண்டல எச்சரிக்கைகளை அணைத்துவிட்டு, நேரத்தையும் தூரத்தையும் மட்டும் அது பதியட்டும். ஓட்டி முடித்ததும் அந்தப் பதிவின் குறிப்புப் பகுதியில் போர்க் எண்ணை எழுதிவையுங்கள்; அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். மருந்தின் அளவு மாறினால் பழைய எண்களோடு புதியவற்றை ஒப்பிடாமல் புதிதாகத் தொடங்குங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைச்சுற்றலோ வந்தால், திரையில் எந்த எண் இருந்தாலும் உடனே இறங்கி உட்கார்ந்து, உதவிக்கு ஆளை அழையுங்கள்.